நாற்பது நாள் அடைக்கலம்

கி.பி. 399. கான்ஸ்டான்டிநோபிள் நகரின் பெரிய தேவாலயத்துக்குள் ஒருவர் ஓடிவந்து பலிபீடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பெயர் யூட்ரோபியஸ். அதுவரை பேரரசர் அர்காடியஸின் அரண்மனையில் அவர் வைத்ததுதான் சட்டம். அடிமையாக விற்கப்பட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, அரண்மனை ஏவலாளாக நுழைந்து, ரோமப் பேரரசின் மிக உயர்ந்த பட்டமான கான்சல் பதவி வரை ஏறியவர். கோத்தியத் தளபதியின் பகையும் பேரரசியின் கோபமும் ஒன்றுசேர்ந்ததில் பதவி ஒரே நாளில் பறிபோனது. வெளியே படைவீரர்கள் வாளோடு நின்றார்கள்.

தேவாலயத்துக்குள் ஓடி ஒளிபவர்களைக் காக்கும் உரிமையை ஓராண்டுக்கு முன்பு சட்டம் போட்டுக் குறைக்க வைத்தவரே இந்த யூட்ரோபியஸ்தான். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர் நகரின் பேராயர் யோவான் கிறிசோஸ்தோம். பேச்சுவன்மையால் ‘பொன்வாயர்’ என்று பெயர் பெற்றவர். இப்போது அவரே வாசலில் நின்று, உள்ளே இருப்பவரை ஒப்படைக்க முடியாது என்றார். கூடியிருந்த மக்களுக்கு யூட்ரோபியஸ்மேல் துளியும் இரக்கம் இல்லை. பீடத்தடியில் நடுங்கிக் கிடந்தவரைக் காட்டி, திருச்சபையைத் தாக்கியவனையே திருச்சபை இன்று தன் முந்தானைக்குள் வைத்திருக்கிறது என்ற பொருளில் கிறிசோஸ்தோம் ஆற்றிய உரை இன்றும் இருக்கிறது. கூட்டம் அழுதுவிட்டது. ஆனால் சில நாள் கழித்து யூட்ரோபியஸ் தேவாலயத்தை விட்டு வெளியேறினார், பிடிபட்டார், சைப்ரஸுக்கு நாடு கடத்தப்பட்டார், பிறகு திரும்ப அழைத்துவரப்பட்டுத் தலை வெட்டப்பட்டார்.

தெய்வச் சட்டம் பெரிதா, மனிதச் சட்டம் பெரிதா என்ற கேள்வி கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலிருந்தே உண்டு. எருசலேமின் ஆலோசனைச் சங்கத்தார் முன் நிறுத்தப்பட்ட பேதுரு, மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே கடமை என்றார். ரோமருக்குக் கடிதம் எழுதிய பவுலோ, ஆளும் அதிகாரம் கடவுள் ஏற்படுத்தியது, அதற்கு அடங்கி நடங்கள் என்றார். இரண்டும் ஒரே வேதப் புத்தகத்தில் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் சட்டத்தை நித்திய சட்டம், இயற்கைச் சட்டம், மனிதச் சட்டம், தெய்வச் சட்டம் என்று பிரித்து, நீதிக்கு மாறான மனிதச் சட்டம் சட்டமே அல்ல, அது வன்முறையின் ஒரு வடிவம் என்றார். இவையெல்லாம் படித்தவர்கள் பேசிய பேச்சு. எழுதப் படிக்கத் தெரியாத உழவனுக்கும் கொல்லனுக்கும் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்தது: ஒரு கல் வாசல், ஒரு கதவு, உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்ற கணக்கு.

இந்த அடைக்கலத்துக்கு வேர் யூத வேதத்தில் இருக்கிறது. கைப்பிசகால் ஒருவரைக் கொன்றுவிட்டவன், இறந்தவரின் உறவினர் பழிவாங்க வருமுன் ஓடிச் சேர்வதற்காக ஆறு அடைக்கல நகரங்கள் குறிக்கப்பட்டன. யோர்தானுக்கு இக்கரையில் மூன்று, அக்கரையில் மூன்று. திட்டமிட்டுக் கொன்றவனுக்கு அங்கே இடமில்லை. அவன் பீடத்தையே பிடித்துக்கொண்டாலும் இழுத்து வந்து கொல்லலாம் என்கிறது மோசேயின் சட்டம். தாவீதின் தளபதி யோவாப் பீடத்தின் கொம்புகளைப் பிடித்தபடியே கொல்லப்பட்டார். ஆக, தெய்வச் சட்டம் என்பது எல்லையில்லாத இரக்கம் என்று யூத வேதம் சொல்லவில்லை. அங்கேயும் விசாரணை உண்டு, விலக்கு உண்டு.

ரோமப் பேரரசு கிறிஸ்தவமான பிறகு இந்த வழக்கம் தேவாலயங்களுக்கு வந்து சேர்ந்தது. பேரரசர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள், உடனே வரம்பும் கட்டினார்கள். அரசுக்குக் கடன்பட்டு ஓடி ஒளிந்தவனை ஒப்படைக்காவிட்டால் அந்தக் கடனைக் குருமார்களே கட்டவேண்டும் என்றது 392ஆம் ஆண்டுச் சட்டம். 419இல் மேற்கே, தேவாலய வாசலுக்கு வெளியே ஐம்பது தப்படி தூரம் வரை அடைக்கலம் செல்லும் என்றார்கள். தஞ்சம் புகுந்தவன் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வெளியே வந்து நிற்கட்டும் என்பதற்காக. 431இல் இரண்டாம் தியோடோசியஸ் அதைத் தோட்டம், முற்றம், குளியலறை வரை நீட்டினார். பீடத்தருகிலேயே உண்டு உறங்கவேண்டாம், ஆனால் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்றார். அந்தச் சட்டத்துக்குக் காரணம் ஒரு கோரச் சம்பவம். கான்ஸ்டான்டிநோபிளில் அடிமைகள் சிலர் ஆயுதங்களோடு பீடத்தைப் பிடித்துக்கொண்டு, நெருங்கியவர்களை வெட்டி, கடைசியில் தங்களையும் மாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினாரின் கடிதம் ஒன்று இருக்கிறது. கடவுளின் நகரத்தையும் மனிதரின் நகரத்தையும் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே அகுஸ்தினார்தான். பாஸியுஸ் என்றொருவன் கடன்காரர்களுக்குப் பயந்து அவருடைய தேவாலயத்துக்குள் ஓடிவந்தான். கடன் பதினேழு பொற்காசுகள். கடன்காரர்களோ ஆயரையே நெருக்கினார்கள். உங்களுக்காக மக்களிடம் கேட்கட்டுமா என்றபோது பாஸியுஸ் வெட்கப்பட்டு மறுத்துவிட்டான். அகுஸ்தினார் வேறொருவரிடம் அந்தப் பதினேழு பொற்காசுகளைக் கைமாற்று வாங்கிக் கட்டினார். சொன்ன கெடுவில் பாஸியுஸ் வரவில்லை. அகுஸ்தினார் தன் சபையாருக்குக் கடிதம் எழுதி, இந்தக் காசைத் திரட்டிக் கொடுங்கள் என்று கேட்கிறார். மேலுலக நீதி, கீழுலக நீதி என்ற பெரிய விவாதத்தில் இந்தக் கடிதத்தை யாரும் முதலில் எடுப்பதில்லை. எடுக்கவேண்டும். ஒருவனுக்கு அடைக்கலம் கொடுப்பதாகச் சொன்னவர், அதற்கு என்ன செலவாகும் என்பதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

511இல் பிராங்கிய அரசர் குளோவிஸ் கூட்டிய ஓர்லேயான் சங்கம் இந்த வழக்கத்துக்கு இன்னொரு தெளிவு தந்தது. கொலைகாரனோ திருடனோ தேவாலயத்துக்குள் வந்துவிட்டால், உயிருக்கும் உறுப்புக்கும் சேதம் வராது என்று நற்செய்தி நூலின்மேல் சத்தியம் செய்யாதவரிடம் அவனை ஒப்படைக்கக்கூடாது. தண்டனையே வேண்டாம் என்று ஆயர்கள் சொல்லவில்லை. இரத்தப் பழி வேண்டாம், இழப்பீடு கொடுக்கட்டும் என்றார்கள். காவல்துறையோ சிறையோ இல்லாத காலம். இறந்தவனின் தம்பி கத்தியோடு வந்து நிற்பான். அவன் கோபம் ஆறும்வரை யாராவது இடையில் நின்றாகவேண்டும். தேவாலயக் கதவு அந்த வேலையைச் செய்தது.

இந்த வழக்கம் மிக விரிவாக வளர்ந்த இடம் இங்கிலாந்து. ஏறக்குறைய 690இல் வெஸெக்ஸ் அரசர் ஐனேயின் சட்டத்திலேயே அது இருக்கிறது: சாவுக்குரிய குற்றம் செய்தவன் தேவாலயம் சேர்ந்தால் உயிர் தப்பும், இழப்பீடு கட்டவேண்டும். யார்க்‌ஷரில் உள்ள பெவர்லி ஊரைச் சுற்றிச் சிலுவைக் கற்களால் எல்லைகள் குறித்தார்கள். வெளி எல்லைக்குள் ஒருவனைப் பிடித்தால் ஓர் அபராதம், உள்ளே போகப்போக அது ஏறிக்கொண்டே போகும். பீடத்தருகே இருக்கும் கல் நாற்காலியிலிருந்து இழுத்தால் எந்தப் பணத்தாலும் தீராத பாவம். சமாதான நாற்காலி என்று பெயர் பெற்ற அந்தக் கல் இன்றும் அங்கே கிடக்கிறது. அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் கல்.

டரம் பேராலயத்தின் வடக்கு வாசலில் சிங்கம் போன்ற ஒரு வெண்கல முகம் உண்டு. அதன் வாயில் தொங்குகிறது கனத்த வளையம். இப்போது கதவில் இருப்பது நகல், மூலம் உள்ளே பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. வாசலுக்கு மேல் இரண்டு சிற்றறைகள் இருந்தன. நள்ளிரவில் யாராவது ஓடிவந்து வளையத்தைத் தட்டினால் திறப்பதற்கென்று அங்கே ஆட்கள் படுத்திருப்பார்கள். உள்ளே வந்ததும் மணி ஒலிக்கும். ஒருவன் அடைக்கலம் புகுந்துவிட்டான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். இடது தோளில் புனித கத்பர்ட்டின் மஞ்சள் சிலுவை தைத்த கறுப்பு அங்கி ஒன்று தருவார்கள். 37 நாள் சோறும் படுக்கையும் மடத்தின் செலவு. 1464 முதல் 1524 வரையான பதிவேட்டில் 300க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் கொலை வழக்குகள்.

கொலைகாரனுக்கு இத்தனை உபசாரமா என்று இன்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். அன்றும் கேட்டார்கள். ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்கவேண்டும்.

சாதாரண ஊர்த் தேவாலயத்தில் கணக்கு நாற்பது நாள். அந்த நாட்களில் ஊரார் வெளியே காவல் நிற்கவேண்டும். உள்ளிருப்பவன் தப்பினால் ஊருக்கே அபராதம். கொரோனர் எனப்படும் அரசரின் அதிகாரி வருவார். ஓடிவந்தவனுக்கு இரண்டு வழி: வெளியே வந்து விசாரணையைச் சந்திக்கலாம், அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு, இந்த நாட்டை விட்டு என்றென்றைக்கும் போகிறேன் என்று சத்தியம் செய்யலாம். நாற்பது நாள் கழிந்தபின் அவனுக்குச் சோறு போடுவதே குற்றம். சத்தியம் செய்தவனின் சொத்து அரசருக்குப் போய்விடும். கொரோனர் ஒரு துறைமுகத்தின் பெயரையும் அங்கே போய்ச் சேரவேண்டிய நாளையும் சொல்வார். கையில் மரச் சிலுவையோடு, வெறுந்தலையும் வெறுங்காலுமாக அரச பாதையில் மட்டுமே நடக்கவேண்டும். பாதையை விட்டு இறங்கினால் யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கப்பல் கிடைக்காவிட்டால் நாள்தோறும் முழங்கால் அளவு கடலில் இறங்கி நிற்கவேண்டும். போகத் துடிக்கிறேன், வழிதான் இல்லை என்பதற்கு அடையாளமாக.

இங்கே எது தெய்வச் சட்டம், எது மனிதச் சட்டம்? கதவு திருச்சபையுடையது. காவல் ஊராருடையது. கணக்கெடுப்பவர் அரசரின் ஆள். சொத்தும் அரசருக்கே. இரண்டு சட்டங்களும் மல்லுக்கட்டி நின்றன என்று பாடநூல்கள் எழுதுவது பாதி உண்மைதான். நடைமுறையில் இரண்டும் சேர்ந்து நாற்பது நாள் என்ற ஓர் இடைவெளியை உண்டாக்கி வைத்திருந்தன. தூக்குமரம் மட்டுமே தெரிந்த ஒரு நீதிமுறைக்குள் மூச்சுவிட அந்த இடைவெளிதான் இருந்தது.

இடைவெளியை மீறியவர்கள் உண்டு. 1378 ஆகஸ்ட் 11. ராபர்ட் ஹாலி, ஜான் ஷேக்கல் என்ற இரு போர்வீரர்கள் ஸ்பெயின் போரில் பிடித்த ஒரு பிரபுவின் மீட்புப் பணம் தொடர்பாக அரசோடு மோதி, லண்டன் கோட்டைச் சிறைக்குப் போய், தப்பி, வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். கோட்டைக் காவல் தலைவர் ஐம்பது ஆட்களோடு திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்தார். பாடகர் குழுவின் இடத்தைச் சுற்றி ஓடிய ஹாலி அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார்; தடுக்கவந்த தேவாலயப் பணியாளர் ஒருவரும் செத்தார். தீட்டுப்பட்ட ஆலயம் நான்கு மாதம் மூடிக் கிடந்தது. பாராளுமன்றமே அந்த ஆண்டு குளூஸ்டர் நகரில் கூடியது.

அந்தக் கூட்டத்தில் அரசின் பக்கம் நின்று பேசியவர் ஓர் இறையியலாளர், ஜான் விக்ளிஃப். கொலையை அவர் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கடனை ஏமாற்றுகிறவனுக்கு மடத்துச் சுவர் காவலாக இருப்பது தெய்வச் சட்டத்துக்கே விரோதம் என்றார். ஆயர்கள் தெய்வச் சட்டத்தின் பெயரால் கதவைச் சாத்தினார்கள். விக்ளிஃப் அதே தெய்வச் சட்டத்தின் பெயரால் திறக்கச் சொன்னார். விக்ளிஃபின் பக்கமும் வலுவானதுதான். லண்டனில் புனித மார்ட்டின் ஆலய வளாகத்துக்குள் கடனாளிகளும் போலி நகை செய்பவர்களும் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தார்கள். அவர்களிடம் பணத்தை இழந்த கைம்பெண்ணோ வணிகனோ எந்தக் கதவைத் தட்டுவது?

அரச குடும்பத்துக்கும் இந்தக் கதவு வேண்டியிருந்தது. நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் உட்வில், கணவர் நாட்டைவிட்டு ஓடியிருந்த 1470 நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் அடைக்கலத்தில்தான் பட்டத்து இளவரசனைப் பெற்றெடுத்தார். கணவர் இறந்த 1483இல் மறுபடியும் அங்கேயே ஓடினார். உள்ளிருந்த இளைய மகன் ரிச்சர்டைக் கேட்டு அந்த ஜூன் மாதம் கேன்டர்பரி பேராயரே வந்தார். படைவீரர்களும் கூடவே வந்தார்கள். தாய் மகனை அனுப்பினார். அண்ணனோடு லண்டன் கோட்டையில் வைக்கப்பட்ட அந்தச் சிறுவனை அவ்வாண்டுக்குப் பின் யாரும் பார்க்கவில்லை.

எட்டாம் ஹென்றி இதையெல்லாம் சுருட்டி வைத்தார். போப்பாண்டவரோடு உறவை முறித்து, மடங்களைக் கலைத்த பிறகு, 1540இல் ஒரு சட்டம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, தீவைப்பு ஆகியவற்றுக்கு இனி அடைக்கலம் கிடையாது. மற்றவர்களுக்காக எட்டு ஊர்கள் குறிக்கப்பட்டன: வெல்ஸ், வெஸ்ட்மின்ஸ்டர், மான்செஸ்டர், நார்த்தாம்ப்டன், நார்விச், யார்க், டெர்பி, லான்செஸ்டன். மோசேயின் ஆறு நகரங்களை நினைவூட்டும் பட்டியல்தான். ஆனால் மான்செஸ்டர்காரர்கள் உடனே முறையிட்டார்கள். எங்கள் ஊரில் நூலையும் லினன் துணியையும் வெளுப்பதற்காக இரவெல்லாம் வெட்டவெளியில் விரித்து வைக்கிறோம், திருடர்களை இங்கே கொண்டுவந்து விட்டால் பிழைப்பது எப்படி? அவர்களை அடக்கச் சிறைச்சாலைகூட இல்லையே? இரண்டே ஆண்டுக்குள் மான்செஸ்டரின் பெயர் நீக்கப்பட்டு செஸ்டர் சேர்க்கப்பட்டது. 1624இல் முதலாம் ஜேம்ஸின் பாராளுமன்றம் மிச்சமிருந்த உரிமையையும் ஒழித்தது.

மான்செஸ்டரில் அடைக்கலம் மறுபடி தலையெடுக்க ஏறக்குறைய நானூற்று ஐம்பது ஆண்டு ஆயிற்று. அந்தக் கதை தமிழர்களைத் தொட்டுச் செல்கிறது.

விராஜ் மெண்டிஸ் 1973இல் மாணவராக இங்கிலாந்து வந்த சிங்களர். ஈழத்தமிழரின் சுயநிர்ணய உரிமைக்காக வெளிப்படையாகப் பேசியவர். அதனாலேயே இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் தன் உயிருக்கு ஆபத்து என்றார். அரசு ஏற்கவில்லை. 1986 டிசம்பரில் மான்செஸ்டரின் ஹூம் பகுதியிலுள்ள விண்ணேற்ற ஆலயத்துக்குள் போனார். இரண்டாண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். இங்கிலாந்தின் சட்டப்புத்தகத்தில் அவருக்குக் காவலாக ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அத்தனை காலம் எந்த அதிகாரியும் கதவைத் தொடவில்லை. 1989 ஜனவரி 18 விடியலில் போலீஸ் கதவை உடைத்து உள்ளே வந்தது. இரண்டு நாளில் அவர் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். சட்டப்படி பார்த்தால் முதல் நாளே உடைத்திருக்கலாம். இரண்டாண்டு தயங்க வைத்தது எது? 1624இல் செத்துப்போன ஒரு வழக்கத்தின் நினைவுதான்.

அடைக்கலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பக்கம் உண்டு. தஞ்சம் தரும் இடமும் அடைக்கலம். நம்பி ஒப்படைக்கப்பட்ட ஆளும் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்றுதான் பெயர். வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சியில் மரியாளுக்கு அடைக்கல மாதா என்று பெயர். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் அடைக்கலம் என்றே பிள்ளைக்குப் பெயரிடுவதுண்டு. இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஹூம் பகுதி மக்கள் ஒரு சிங்களரை இரண்டாண்டு காத்த கதையில் விளக்கம் தேவைப்படாது. அதே இலங்கையில் 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் சுற்றிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானம் குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வாசலில் வந்து நின்று தயங்குவதற்குக்கூட அங்கே ஆள் வரவில்லை. மரணம் மேலிருந்து வந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அடைக்கல உரிமையைக் குறிப்பிட்டது. 1983இன் புதிய தொகுப்பில் அது இல்லை. ஏட்டிலிருந்து அது மறைந்த அந்த ஆண்டுகளில்தான் தெருவில் அது மறுபடி தொடங்கியது. 1982 மார்ச் 24 அன்று, எல் சல்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டாம் ஆண்டு நினைவு நாளில், அமெரிக்காவின் டூசான் நகரில் சவுத்சைட் பிரெஸ்பிட்டீரியன் தேவாலயம் மத்திய அமெரிக்க அகதிகளுக்குத் தன் கதவைத் திறந்ததாக அறிவித்தது. போதகர் ஜான் ஃபைஃபும் கூட்டாளிகளும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு, 1986இல் எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களோடு இருந்த ஜிம் கார்பெட் என்ற குவேக்கர் பண்ணைக்காரரின் வாதம் கவனிக்கத்தக்கது. நாங்கள் தெய்வச் சட்டத்துக்காக மனிதச் சட்டத்தை மீறவில்லை என்றார் அவர். 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தை மீறுவது அரசுதான், அதை நிறைவேற்றுவது நாங்கள் என்றார்.

2018இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் அர்மேனியக் குடும்பத்தை நாடு கடத்த உத்தரவாயிற்று. ஒன்பது ஆண்டுகளாக அந்த நாட்டில் வாழ்ந்தவர்கள். பெத்தேல் தேவாலயம் அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டது. வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது அதிகாரிகள் வழிபாட்டு இடத்துக்குள் நுழையக்கூடாது என்று டச்சுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்தது. அக்டோபர் 26 பிற்பகலில் ஒரு வழிபாட்டைத் தொடங்கினார்கள், முடிக்கவில்லை. ஒரு போதகர் களைத்தால் அடுத்தவர் வந்தார். வேறு ஊர்களிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான குருமார் முறைவைத்து வந்தார்கள்; கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற பேதம் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் சங்கீதம் பாடப்பட்டது. கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, புத்தாண்டு வந்து போயிற்று. 96 நாட்களுக்குப் பின், 2019 ஜனவரி 30 அன்று, நாட்டில் வேரூன்றிய பிள்ளைகள் உள்ள குடும்பங்களின் விண்ணப்பங்களை மறுபடி பார்ப்பதாக ஆளும் கட்சிகள் ஒப்புக்கொண்டதும், அந்த வழிபாட்டின் நிறைவு ஆசீர் சொல்லப்பட்டது.